"அந்த ஊர்ல எந்தத் தெரு?"



இன்றைய இரண்டாம் வாசகம் யாக்கோபு திருமுகம், இரண்டாம் அதிகாரத்திலிருந்து வருகிறது. தொழுகைக்கூடத்துக்குள் இருவர் நுழைகிறார்கள். ஒருவர் விரலில் பொன் மோதிரம், உடலில் பகட்டான உடை. மற்றவர் அழுக்குத் துணி உடுத்திய ஏழை. முன்னவருக்கு நல்ல இருக்கை கிடைக்கிறது. பின்னவரை நிற்கச் சொல்கிறார்கள், அல்லது காலடியில் உட்காரச் சொல்கிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ஏழையை யாரும் வெளியே துரத்தவில்லை. உள்ளே விட்டார்கள். எங்கே உட்கார வைத்தார்கள் என்பதுதான் யாக்கோபின் கேள்வி.

நம் கோவில்களுக்கும் புதியவர்கள் வருகிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் மாற்றலாகி வருபவர்கள் உண்டு. பிழைப்புக்காகக் குடும்பத்தோடு வருபவர்கள் உண்டு. கீழே நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகளில் வேலை செய்ய வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஜார்கண்ட் பழங்குடிக் கத்தோலிக்கர் என்றால், தாத்தா காலத்திலிருந்தே செபமாலை சொல்லும் குடும்பம் அது. நம் பாடல்கள் அவர்களுக்குப் புரியாது. ஆனால் எழுந்தேற்றத்தின்போது எப்போது தலைவணங்க வேண்டும் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் நாம் கேட்கிறோம்: "எந்த ஊரு?" நல்ல கேள்வி, அன்பாகத்தான் கேட்கிறோம். அடுத்து ஒரு கேள்வி வருகிறது: "அந்த ஊர்ல எந்தத் தெரு?" கடிதம் எழுத விலாசம் வேண்டியா கேட்கிறோம்? அது எதற்கான கேள்வி என்று தமிழ்நாட்டில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பதில் கிடைத்ததும் நம் முகத்தில் சின்ன மாற்றம். வந்தவர் அதைப் பார்த்துவிடுகிறார். அடுத்த ஞாயிறு வாசல் தூணோரம் நிற்கிறார். அதற்கடுத்த ஞாயிறு வருவதில்லை. "வந்தாங்க, அப்புறம் ஆளையே காணோம்" என்று நாம் பேசிக்கொள்கிறோம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் திருச்சபை வரலாற்றிலேயே ஓர் ஊர் இருக்கிறது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம். 1745 மே 14 அன்று அங்கே ஒரு புதியவர் வந்து திருமுழுக்குப் பெற்றார். திருவிதாங்கூர் அரசப் பணியில் இருந்தவர், டச்சுத் தளபதி டி லனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தவர். நீலகண்டன் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியதும் அவர் மீது பகை மூண்டதற்கு ஒரு காரணம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் இல்லாமல், வெறும் தேவசகாயம் என்றே அறிவித்தார்கள்.

அந்த மனிதரை ஏற்றுக்கொண்ட அதே வடக்கன்குளத்தில், 127 ஆண்டுகள் கழித்து, 1872-இல் ஒரு பெரிய ஆலயம் எழுந்தது. கால்சட்டையின் இரு கால்களைப் போல அதற்கு இரண்டு நீண்ட பகுதிகள், நடுவே சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். பீடத்தில் நிற்கும் குருவை இரு பக்கத்தாரும் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் நாத்திகர்களா? தவக்காலத்தில் ஒருசந்தி இருந்தவர்கள், தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள். 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்றவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. ஆலயத்தில் ஒன்றாக உட்கார்ந்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் இன்றும் தனித்தனியாகப் படுக்கும் ஊர்களைப் பற்றி இப்போது பேசப்போவதில்லை. அதற்குத் தனி மறையுரை வேண்டும்.

இந்த மலைக்கு வருவோம். நம் பெரியவர்கள் சொல்லும் கதை என்ன? காஞ்சியிலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவரின் வழியினர் சேர்வராயன் மலையிலும் பச்சைமலையிலும் இந்தக் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பதுதானே? அப்படியானால் இந்த மண்ணின் மக்கள் என்று நெஞ்சு நிமிர்த்தும் நாமும் ஒருநாள் மூட்டை முடிச்சோடு வந்து நின்றவர்கள்தாம்.

நூறாண்டுக்கு முன் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற இங்கிலாந்துத் தம்பதியர் இங்கே வந்தார்கள். கத்தோலிக்கர் அல்லர், பாப்திஸ்து சபையினர். மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள். ஆனாலும் சபையில் சேர ஆளில்லாமல் ஆண்டுகள் ஓடின. முதல் உலகப் போர் முடிந்த சமயம் விஷக்காய்ச்சல் மலையேறியபோது, அவர்கள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். அதுவரை அவர்களை எதிர்த்துவந்த பூசாரி, சாகும் தறுவாயில், தம் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். மக்கள் மனம் திறந்தது அதற்குப் பிறகுதான். ஜெஸ்ஸி 1929-இல் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் முதுமையிலும் மலைகளை விடவில்லை, 1974-இல் மறைந்தார். இருவருக்கும் இந்த மலை மண்ணில்தான் கல்லறை.

கஞ்சி என்றதும் இன்னொன்று சொல்லியாக வேண்டும். புதியவர்களுக்கு நாம் காப்பி கொடுப்பதில் குறைவில்லை. திருவிழா என்றால் சோறும் போடுகிறோம். ஆனால் அவர்கள் வீட்டில் நாம் தண்ணீர் குடிப்போமா? எரிகோவில் அத்திமரத்தின் மேலிருந்த சக்கேயுவை இயேசு தம் பந்திக்கு அழைக்கவில்லை. தாமே அவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். ஊர் முணுமுணுத்தது அதற்காகத்தான்.

ஆகவே இந்த மாத அன்பியக் கூட்டத்தை, வழக்கமான வீடுகளை விட்டு, புதிதாக வந்த குடும்பங்களில் ஒன்றின் வீட்டில் வைப்போம். முதலில் அவர்களிடம் சம்மதம் கேளுங்கள், சிறிய வீடாயிற்றே என்று அவர்கள் கூச்சப்படலாம். திண்ணையில் உட்காரலாம், திண்ணை இல்லையென்றால் வாசலில் பாய் விரிக்கலாம். இறைவார்த்தையை அந்த வீட்டார் வாசிக்கட்டும், தமிழ் தெரியாவிட்டால் அவர்கள் மொழியிலேயே வாசிக்கட்டும். கடுங்காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.