மருந்தும் ஓர் அமானிதம்

(ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



வீண்விரயம் என்றதும் விருந்துகளில் எறியப்படும் சோறுதான் நம் நினைவுக்கு வருகிறது. மருத்துவமனையிலும் வீண்விரயம் உண்டு. தட்டுப்பாட்டுக் காலத்தில் அங்கே வீணாவது பொருள் மட்டுமன்று; இன்னொருவரின் உயிரும் அதனுடன் போய்விடக்கூடும்.

நபி (ஸல்) அவர்கள் கடற்கரைப் பகுதிக்கு அனுப்பிய 300 பேர் கொண்ட படைக்கு அபூஉபைதா (ரலி) தலைமை தாங்கினார்கள். வழியில் உணவு தீரும் நிலை ஏற்பட்டது. எஞ்சியிருந்த அனைத்தையும் ஒன்றுசேர்க்குமாறு அவர்கள் கட்டளையிட்டார்கள். அதனை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பகிர்ந்தளித்தார்கள். இறுதியில் ஒருவருக்கு நாளைக்கு ஒரு பேரீச்சம்பழம் என்றானது. அந்த ஒற்றைப் பழம் எப்படிப் போதுமானதாயிற்று என்று ஜாபிர் (ரலி) அவர்களிடம் பின்னர் கேட்கப்பட்டபோது, அதுவும் தீர்ந்த பின்னரே அதன் அருமையை உணர்ந்ததாகக் கூறினார்கள் (புகாரி).

தன் பையில் இருந்ததைத் தனக்கென்று எவரும் ஒளித்து வைக்கவில்லை. பொறுப்பாளர் அளந்து கொடுத்ததை அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள். தட்டுப்பாட்டில் ஒரு சமுதாயம் பிழைத்திருக்கும் வழி இதுவே.

மருத்துவத்தில் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டபோது, இலட்சக்கணக்கான மக்கள் மேற்கு வங்கத்தில் தஞ்சம் புகுந்தனர். எல்லையோர ஊரான பங்காவில் அகதிகளிடையே காலரா பரவியது. காலராவில் உடலின் நீரும் உப்பும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். இரத்த நாளத்தின் வழியே சலைன் ஏற்றுவதே அன்றைய வழக்கமான சிகிச்சை. ஆனால் அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மஹலானபிஸ் குழுவினரிடம் சலைன் கையிருப்பு வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது.

அவர்கள் ஒரு முடிவெடுத்தனர். குடிக்க இயலாத அளவுக்குத் துவண்டுவிட்டோருக்கே சலைன்; மற்றவர்களுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீர். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்பது அளவு. குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். நோயாளிகளின் உறவினரே குவளைகளில் எடுத்துப் புகட்டினர். 100க்கு 30 பேர் வரை மாண்டுகொண்டிருந்த நிலை மாறி, அக்குழுவினர் கவனித்தவர்களில் இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! இது சிகிச்சையை மறுத்த கஞ்சத்தனம் அன்று. உரியதை உரியவருக்குச் சேர்த்த நீதி.

நம் வீடுகளில் நடப்பதென்ன? சாதாரணக் காய்ச்சல், சற்றே சோர்வு என்றாலே, "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று மருத்துவரை வற்புறுத்துகிறோம். தேவையில்லை என்று சொல்பவரைத் திறமையற்றவர் என்கிறோம். நன்றாகக் குடிக்க முடிகிறவருக்கு ஏற்றப்படும் அந்தப் பாட்டில், விபத்தில் குருதி இழந்து வருபவருக்கு உரியதாக இருக்கலாம். 2021இல் இந்தியாவில் ஆக்சிஜன் தட்டுப்பாட்டினால் மக்கள் தவித்தபோது, பிறகு தேவைப்படலாம் என்றெண்ணி வீட்டில் சிலிண்டரைப் பதுக்கியோரும் இருந்தனர். மக்களுக்குத் தேவையானதைப் பதுக்குபவன் பாவி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள் (முஸ்லிம்).

எனவே, தேவையற்ற ஊசியையும் சலைனையும் கேட்டு வற்புறுத்தாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை வீட்டில் வைத்திருங்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவில் நம்மைவிட ஆபத்தான நிலையில் இருப்பவரை முதலில் பார்த்தால், செல்வாக்கைக் காட்டி முந்தாதீர்கள். அது அவருடைய உரிமை. அதே வேளையில், சிக்கனம் என்ற பெயரில் மருத்துவர் எழுதிய மருந்தை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு உள்ளவர் மயங்கினாலோ, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் நின்றாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அல்லாஹ்வின் அருட்கொடைகளை அளவறிந்து பயன்படுத்தும் நன்மக்களாகவும், பிறர் உயிரைத் தம் உயிர்போல் மதிப்பவர்களாகவும் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.