ஏரிக்கரையும் ஆற்றங்கரையும்: ஊராரின் ஓய்விடங்கள்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

உல்லாசப் பயணம் என்றதும் உதகமண்டலமும் கொடைக்கானலும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், நாளெல்லாம் வயலில் பாடுபடும் ஒரு குடும்பம் ஆண்டுக்கு எத்தனை முறை மலையேறிச் சென்று வர இயலும்? நம் முன்னோர் இதற்கு எளிய வழி கண்டிருந்தனர். ஆடி பதினெட்டாம் நாள் கட்டுச்சோற்றுடன் ஏரிக்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் சென்றனர். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை மணலில் ஆற்றுத் திருவிழா கண்டனர். இன்றும் அந்நாளில் சுற்றுப்புறக் கோயில் மூர்த்திகள் ஆற்றுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி நடக்கிறது. பிள்ளைகள் இராட்டினம் ஏறுகின்றனர். பெரியவர்கள் சிறுவள்ளிக் கிழங்கு வாங்காமல் வீடு திரும்புவதில்லை. மாசி மகத்தன்று திருமுட்டம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு வருகிறார். அவருடன் ஊர்களே திரண்டு வருகின்றன. நீர்நிலையருகே ஓய்வு கொள்ளும் பழக்கம் நமக்குப் பிறர் வந்து கற்பித்ததன்று.

இன்று வந்துள்ள மாறுதல் ஒன்று உண்டு. அன்று திருநாளன்று கூடிய கூட்டம் இன்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூடுகிறது. கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும், அப்பாலுள்ள நகரங்களிலிருந்தும் வண்டிகளில் வந்து இறங்குகிறார்கள். திருநாளுக்கு ஊரார் ஏற்பாடு செய்தனர். ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடு செய்வார் யார்? இந்தக் கேள்வியை உங்கள்முன் வைக்கவே வந்தோம்.

முதலில் வீராணம் ஏரியை எடுத்துக்கொள்வோம். பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட முதற் பராந்தக சோழன் காலத்து ஏரி இது. அவனுடைய வீரநாராயணன் என்னும் பட்டப்பெயரே வீராணம் என்று மருவியது. கல்கி தம் ‘பொன்னியின் செல்வன்’ கதையை 1950ஆம் ஆண்டில் தொடங்கியபோது, ஆடிப்பெருக்கு நாளில் இந்த ஏரிக்கரையில்தான் தொடங்கினார். சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டை வரை கரையோரமாகச் செல்பவர் ஒருபுறம் கடல்போல் நீரையும், மறுபுறம் தாழ்ந்து விரிந்த நெல்வயலையும் ஒருசேரக் காணலாம். கொள்ளிடத்து நீர் கீழணையில் திரும்பி, வடவாற்றின் வழியே வந்து ஏரியை நிரப்புகிறது. ஐப்பசி முதல் தை வரை, ஏரி நிறைந்திருக்கும் காலத்தில், நாரையும் நீர்க்காகமும் வலசை வரும் வாத்துகளும் காணக் கிடைக்கும். சித்திரையில் வந்து வறண்ட தரையைப் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு பேர் என்று கேட்டவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஏரி தன் காலத்தில்தான் ஏரி. வருவோருக்கு அதைச் சொல்லி வைப்பது நம் கடமை.

இந்த ஏரி ஏறத்தாழ 45,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. 2004ஆம் ஆண்டு முதல் சென்னைக்கும் குடிநீர் அனுப்புகிறது. அப்படிப்பட்ட கரையில் விடுமுறை நாளின் மறுநாள் காலை நடந்து பாருங்கள்! பிளாஸ்டிக் பைகளும் சோற்றுப் பொட்டலங்களும் ஒருபுறம். உடைந்த மதுப்புட்டிகள் மற்றொருபுறம். அந்தக் கண்ணாடிச் சில்லு மடையோடு வயலுக்கு இறங்குகிறது. நாற்று நடும் பெண்ணின் பாதத்தைக் கிழிப்பது அதுவே. வந்தவர் பொழுது இனிதாய்க் கழிந்தது. கழனிக்காரருக்குக் காயம் மிஞ்சியது. இதற்காக வருவோரையே தடுத்துவிட வேண்டும் என்று சில நண்பர்கள் கூறுகின்றனர். நாம் அதற்கு உடன்படவில்லை. பஞ்சாயத்து ஓரிடத்தை வண்டி நிறுத்தக் குறித்து, சிறு கட்டணம் வாங்கி, அத்தொகையை அன்றைய மாலையே குப்பை அள்ளுவோர்க்குக் கூலியாகக் கொடுத்தால் காரியம் நடக்கும். மகளிர் குழுவினர் சுண்டலும் மோரும் விற்கட்டும். வாழை இலையிலும் தொன்னையிலும் விற்கட்டும்.

அழகுபடுத்துதல் என்னும் பெயரால் வரும் வேலைகளிலும் எச்சரிக்கை தேவை. நீர் பரவும் பகுதியில் மண் கொட்டிப் பூங்கா அமைத்தால், கொட்டிய மண்ணளவுக்கு நீர் குறையும். குறைந்த நீர் கடைமடைக்காரனுடையது. கரையின் உட்சரிவை வெட்டிப் படியும் இருக்கையும் கட்டுவது கரைக்கே கேடு. வீராணம் போன்ற பெரிய ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பவை. அங்கே ஒரு கல் நடுவதற்கும் துறையின் இசைவு வேண்டும். நூறு ஏக்கருக்கும் குறைந்த ஆயக்கட்டுடைய சிற்றேரிகளே ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. நாம் கேட்பது அதிகமில்லை. கரையின் வெளிப்புறத்தே ஊர் எல்லையில் நாலு புங்கமரம், ஒரு குடிநீர்க் குழாய், பெண்களுக்குக் கழிப்பிடம், இவை போதும். மாடு நீருக்கு இறங்கும் வழியையும் மீனவர் வலை உலர்த்தும் இடத்தையும் வேலியிட்டு மறிக்கலாகாது. அவர்களுடைய உரிமை வண்டியில் வருபவருடையதைவிட முந்தியது.

இனி, சொல்ல மனம் வராத செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2022ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நெல்லிக்குப்பத்தை அடுத்த கெடிலம் ஆற்றில், தடுப்பணை அருகே தேங்கிய நீரில் குளிக்கச் சென்ற சிறுமியரும் இளம்பெண்களுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், நாளும் பார்த்துப் பழகிய ஆறு!

பழகிய ஆறு எவ்வாறு ஆளை விழுங்குகிறது? வெள்ளக் காலத்தில் அணையைத் தாண்டி விழும் நீர் அடிமணலை அரித்துக் குழியாக்குகிறது. மணல் அள்ளிய இடமும் குழியாகிறது. வெள்ளம் வடிந்தபின் மேலே தெளிந்த நீர் அசைவற்று நிற்கும்; கணுக்கால் ஆழத்திலிருந்து இரண்டடி எடுத்து வைத்தால் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம். விளிம்பு மணலோ காலை ஊன்ற விடாது. ஒருவர் தவறினால் அவரைக் காக்க மற்றவர் இறங்குகிறார். இப்படித்தான் ஒரு சாவு பல சாவாகிறது.

ஆகவே, ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் வடிந்தபின் ஊரில் நீந்தத் தெரிந்த நால்வர், இடுப்பில் கயிறு கட்டி, மூங்கிற் கழியால் துறைகளை ஆழம் பார்க்க வேண்டும். ஆழமுள்ள இடத்தில் சிவப்புத் துணி கட்டிய கழி நட வேண்டும். சென்ற ஆண்டுக் குழி இவ்வாண்டு அதே இடத்தில் இராது. ஒருமுறை பலகை வைத்துவிட்டு இருந்துவிடுவது பயனற்றது. துறையருகே ஒரு மரத்தில் நீண்ட கயிறும் காற்றடைத்த பழைய லாரி டியூபும் தொங்கட்டும். நீருள் தவறியவரிடம் நீந்திச் செல்வதைவிடக் கயிற்றையோ சேலையையோ வீசுவது மேல். கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு; மல்லாக்கப் படுக்கவைத்து வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்தி, 108க்குச் சொல்லியனுப்ப வேண்டும். முற்காலத்தில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கினர். ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் பழக்கியது அன்றைய குறை. இனி அது கூடாது.

கொள்ளிடத்தை ஒட்டிய ஊராருக்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பழைய கொள்ளிடத்திலும் அதைச் சார்ந்த வாய்க்கால்களிலும் முதலைகள் உள்ளன. ஊருக்குள் வந்தவற்றை வனத்துறையார் பிடித்துச் சிதம்பரத்தை அடுத்த வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவது உங்களுக்குத் தெரிந்ததே. விருந்தினர்க்கு அது தெரியாது. முதலை உள்ள துறையில் குளிக்கலாகாது, ஆட்டுத்தலையும் கோழிக்குடலும் வீசலாகாது என்று அவர்களிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

பிச்சாவரத்தின் நிலை வேறு. வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் அமைந்த சதுப்புக் காடு அது. 2022ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக உலகப் பட்டியலில் சேர்ந்தது. சுரபுன்னை வேர்கள் பந்தற்கால்கள்போல் நீரில் ஊன்றி நிற்க, அவற்றினூடே துடுப்புப் படகில் செல்வது இங்குள்ள தனி இன்பம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமும் இக்காட்டில் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். ஆகவே கிளை ஒடிக்கும் பிள்ளைகளைப் படகோட்டி அதட்டினால் பெற்றோர் கோபிக்க வேண்டாம். முன்னாளில் மரம் வெட்டப்பட்ட இடங்களில் தரை பள்ளமாகி, உப்புநீர் தேங்கி, எதுவும் முளைக்காமற் போயிற்று. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊராருடன் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்தபின் காடு மீண்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது இக்காட்டின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைந்திருந்தது. அங்கே வலை வீசியும் கையால் இறால் பிடித்தும் வாழும் குடும்பங்கள் பல. படகு போகும் கால்வாயும் மீன்பிடிக்கும் கால்வாயும் எவை எவை என்பதை அவர்களைக் கேட்டே வகுக்க வேண்டும்.

கிராம சபை மார்ச் 22ஆம் நாள், உலகத் தண்ணீர் தினத்தன்று கூடுகிறது. அந்நாளில் நீர் வற்றியிருக்கும். குழிகளும் கண்ணுக்குத் தெரியும். கூட்டத்துக்கு முன்பாக உறுப்பினர்கள் ஒருமுறை ஆற்றில் இறங்கி நடந்து, எந்தத் துறை குளிக்கத் தகுந்தது, எது தகாதது என்று குறித்துவந்து தீர்மானத்தில் எழுதுங்கள். கழி நடும் பொறுப்பு யாருடையது என்பதையும் பெயரோடு எழுதுங்கள்.