கேளாச் செவியும் வளரும் மூளையும்

வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம். இரண்டும் கேட்பதனாலேயே குழந்தை பேசத் தாமதிக்கிறது என்று மைசூரில் வாழும் நம்மவர் சிலர் காத்திருப்பதுண்டு. அந்தக் காத்திருப்பில் இழப்பது யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பிறவிக் கேளாமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, ஜிஜேபி2 என்னும் மரபணுவின் பழுது. தாய் தந்தை இருவரிடமும் அது மறைந்திருப்பின், பிறக்கும் ஒவ்வொரு மகவுக்கும் நான்கில் ஒன்று என்னும் அளவில் கேளாமை நேரலாம். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் குடும்பங்களில், ஒரே பழுது இருபுறமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு மிகுதி.

ஆயினும் இப்பழுது தாக்குவது உட்செவியை, மூளையையன்று. ஒலியை உணரும் மூளைப் பகுதி ஒலிக்காகக் காத்திருக்கிறது. ஒலி வாராவிடில், அது மெல்ல மெல்லப் பார்வை முதலிய பிற பணிகளுக்குத் திரும்பிவிடுகிறது. ஏறத்தாழ மூன்றரை வயதுக்குள் செயற்கை உட்செவி பொருத்திப் பயிற்சி அளித்தால், அப்பகுதி பெரும்பாலும் இயல்பையொட்டி வளர்கிறது. ஏழு வயதுக்குமேல் அத்துணைப் பயன் கிட்டுவதரிது. சைகைமொழியும் இளமையிலேயே கிடைப்பின் மூளையின் மொழித்திறனை வளர்க்கும்.

ஆகவே, மரபு தொடங்கியதைச் சூழல் முடிக்கிறது. இரு மொழிகள் கேளாமையை உண்டாக்கா. தமிழைக் கைவிடவும் வேண்டா. அழைக்கும் குரலுக்குத் திரும்பாத குழந்தையைத் தாமதமின்றிச் சோதிப்பித்தலே வேண்டுவது. அதற்கென 1965-இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் நம் மானசகங்கோத்ரியிலேயே இருக்கின்றது.