பெரியப்பாவின் தகரப்பெட்டி

(தொண்டர்களும் உதவி பெறுவோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் எமது தொண்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



போன வருடம் ஊரில் காலமான என் பெரியப்பாவைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கச் சொன்னார்கள். இதை வெறும் அஞ்சலி என்று நினைக்காதேங்கோ. அவர் அங்கு செய்ததற்கும் நாங்கள் இங்கு லண்டனில் செய்வதற்கும் நிறையத் தொடர்பு இருக்கிறது.

பெரியப்பா வலிகாமத்தில் உபதபாலதிபராக இருந்தவர். மேடையில் ஏறியதில்லை, மாலை போட்டுக்கொண்டதில்லை. பென்சன் எடுத்த பிறகும் காலையில் முன் விறாந்தையில் மேசையைப் போட்டுக்கொண்டு இருப்பார். ஓய்வூதியப் படிவம், பிறப்புப் பதிவு, விதானையாருக்கு விண்ணப்பம், மத்திய கிழக்குக்குப் போன பிள்ளைக்குக் கடிதம் என்று சனம் வந்தபடியே இருக்கும். காசு வாங்க மாட்டார். முருங்கைக்காயோ முட்டையோ கொண்டு வந்தால் பெரியம்மா வாங்கி வைப்பா.

அவரிடம் மூன்று வழக்கங்கள் இருந்தன. வந்தவர் சொல்லி முடிக்கும்வரை பேனையைத் தொடமாட்டார். எழுதியதும் உரக்க வாசித்துக் காட்டி, "நீங்கள் சொன்னது இதுதானோ?" என்று கேட்பார். ஒரு சொல்லும் கூட்டமாட்டார். "இப்படிப் போட்டால் வலுவாய் இருக்கும் ஐயா" என்று யாராவது சொன்னால், "நாளைக்கு விசாரணையிலை நிக்கப்போறது நீயோ நானோ?" என்பார். மூன்றாவது, காபன் தாள். மூலம் கந்தோருக்கு, ஒரு பிரதி வந்தவருக்கு, இன்னொன்று அவருடைய தகரப்பெட்டிக்கு.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நடந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. மழைக்குள் பெரியப்பா சைக்கிள் கரியரில் அந்தத் தகரப்பெட்டியைக் கட்டினார். "வீட்டு உறுதி அலுமாரிக்குள்ளை கிடக்க, ஊராற்ரை கடதாசியளையே தூக்கிறியள்?" என்று பெரியம்மா கத்தினா. அவர் பதில் சொல்லவில்லை.

1996இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. காணி உறுதிக்குப் பிரதி எடுக்க அந்தக் குடும்பம் வருடக்கணக்கில் அலைந்தது. "ஊருக்கெல்லாம் எழுதின மனிசன் தன்ரை வீட்டுக்கு ஒரு கடதாசியைக் காப்பாத்தேல்லை" என்று பெரியம்மா கடைசிவரை சொன்னா. அவ சொன்னது பிழை என்று நான் சொல்லமாட்டேன். பிறருக்காக வாழ்கிறவர்களின் செலவில் ஒரு பங்கை வீட்டில் உள்ளவர்கள்தான் கட்டுகிறார்கள். தொண்டர்களே, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே 1996இல் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் கைதுசெய்யப்பட்டுக் காணாமற்போனார்கள். எங்கள் ஊர்த் தாய் ஒருவர் மகனைத் தேடி விறாந்தைக்கு வந்தா. எந்த நாள், எத்தனை மணி, எந்தச் சந்தி, யார் கண்டது, என்ன சேட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பெரியப்பா செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவுக்கும் அரச அதிபருக்கும் எழுதினார். அழுகை வந்தால் நிறுத்துவார். தேத்தண்ணி குடித்த பிறகு தொடருவார்.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல்தான் வந்தது. அது 2018இல் இயங்கத் தொடங்கியபோது, அந்த அம்மா 22 வருடப் பழைய காபன் பிரதியோடு போனா. மகன் இன்றுவரை வரவில்லை. அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அவ சொன்ன நாளையும் நேரத்தையும் ஒருவராலும் மாற்ற முடியவில்லை. அவவிடம் ஒரு கடதாசி இருந்தது.

உறவுகளே, இங்கு உங்கள் வழக்கும் அப்படித்தான். ஹோம் ஒபிஸ் நேர்முகத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தேதி நினைவில்லாவிட்டால் நினைவில்லை என்றே சொல்லுங்கள். "நல்லூர்த் திருவிழாவுக்குப் பிறகு" என்றால் அப்படியே சொல்லலாம். இன்னொருவருடைய கதையைக் கடன் வாங்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் பிழைவிட்டால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். நேர்முகத்தின் எழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கி, யாரையாவது கொண்டு தமிழில் வாசித்துக் கேளுங்கள்.

அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், இங்கிருந்து மேன்முறையீடு செய்வதற்குப் பொதுவாகக் கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாட்கள்தான். கடிதத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைக்காதேங்கோ. கடித உறையையும் எறியாதீர்கள். அன்றைக்கே சட்டத்தரணியிடம் கொண்டு போங்கள்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. பெரியப்பா போல எல்லாரும் இங்கே எழுதிக் கொடுக்க முடியாது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதியோ பதிவோ இல்லாதவர் குடிவரவு ஆலோசனை வழங்குவது குற்றம். "நான் கேஸ் எழுதித் தாறன்" என்று காசு கேட்பவரிடம் முதலில் பதிவைக் கேளுங்கள். உறவினரைத் தேடுகிறவர்களுக்குப் பிரித்தானிய செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடல் சேவை இலவசம். அதற்கான படிவத்தை நிரப்ப நாங்கள் கூட இருப்போம்.

தகரப்பெட்டி இப்போது என் மச்சாளிடம் இருக்கிறது. பிரதிகளை உரியவர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்து வருகிறா. நீங்களும் இன்று வீட்டுக்குப் போய், ஒரு கோப்பு வாங்கி, உங்கள் கடதாசிகளைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். உங்கள் வீட்டு உறுதியையும் சேர்த்து வையுங்கள். பெரியம்மாவுக்காகச் சொல்கிறேன்.