எழுதக் கற்பிப்பவர்களும் கூடிப் பேச வேண்டும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)





டொக்டர் பேச வந்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் இன்று எழுத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்த நம் பிள்ளை மருத்துவபீடத்துக்குப் போனதும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அவளுக்கு விடை தெரியும், வசனம் வராது. திறமையில்லாதவள் என்ற பெயர் மட்டும் சீக்கிரம் வந்துவிடும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சிகிச்சை பலிக்காவிட்டால் ஏன் என்று கூடியிருந்து பேசுவோம். கண்டதைச் சஞ்சிகையில் எழுதுவோம். இலங்கை மருத்துவச் சங்கம் 1887 இல் தோன்றியது. அதன் சஞ்சிகை இன்றும் வருகிறது. எழுதக் கற்பிப்பவர்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டாமா?

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்களால் அமெரிக்கக் கல்லூரிகள் நிரம்பின. முதலாம் ஆண்டு எழுத்து வகுப்புகளை நடத்தியோர் 1949 இல் சிக்காகோவில் கூடித் தமக்கென ஒரு மாநாட்டமைப்பைத் தொடங்கினர். அடுத்த ஆண்டே சஞ்சிகையும் வந்தது. அதே அமைப்பு 1974 இல், மாணவருக்குத் தம் சொந்தப் பேச்சுவழக்கில் உரிமை உண்டு என்று தீர்மானம் எடுத்தது. வீட்டில் ‘உம்மா, வாப்பா’ என்று பேசி வளர்ந்த நமக்கு அதன் பெறுமதி விளங்கும்.

நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 1970 இல் கதவைத் திறந்துவிட்டபோது, எழுதப் பழகாத பிள்ளைகள் ஏராளமாக வந்தார்கள். மீனா ஷொனெஸி என்ற ஆசிரியை அவர்களுடைய சுமார் 4,000 கட்டுரைகளை வாசித்து, 1977 இல் ஒரு நூல் எழுதினார். பிழைகள் கவனக்குறைவால் வருபவையல்ல, அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று காட்டினார். காய்ச்சலைத் திட்டினால் குறையுமா? காரணத்தைத் தேட வேண்டும். ஆங்கிலத்தில் ‘த’ என்ற சுட்டுச்சொல்லை நம் பிள்ளைகள் விட்டுவிடுவதும் அப்படித்தான். தமிழில் அதற்கு ஈடான சொல் இல்லை. சிவப்பு மையால் சுழித்தால் மட்டும் அது சரிவராது.

இதை அன்றாடம் காண்பவர்கள் நம் ஆசிரியைகள். கண்டதைச் சொல்லத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஆய்வரங்குகள் நடக்கின்றன. கலை கலாசார பீடம் ‘கலம்’ என்ற சஞ்சிகையை வெளியிடுகிறது. கொழும்பில் ஆங்கில ஆசிரியர் சங்க மாநாடுகளும் உண்டு. ஆனால் இரவு பஸ்ஸில் போய், லீவு போட்டு, பதிவுக் கட்டணத்தையும் கைக்காசில் கட்டுவதென்றால் எத்தனை பேரால் முடியும்?

மாநாடு என்றால் தேநீரும் சான்றிதழும்தானே என்று சிலர் கேட்கலாம். அப்படியானவையும் உண்டு. ஆனால் தன் வகுப்பில் எது பலிக்கவில்லை என்று ஓர் ஆசிரியை எழுந்து சொன்னால், கேட்கும் பத்துப் பேருக்கும் அது பாடம்.

ஆகவே சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்கள். ஆண்டுதோறும் இரண்டு ஆசிரியைகளின் மாநாட்டுச் செலவை நாம் ஏற்போம். அவர்கள் திரும்பி வந்ததும், கல்முனையின் மற்றைய பாடசாலை ஆசிரியர்களையும் அழைத்து, மாணவர் கட்டுரைகளைப் பெயர் மறைத்து மேசையில் வைத்து ஒரு நாள் பேசட்டும். முதலாவது ஆண்டுக்கான செலவை நான் பொறுப்பேற்கிறேன்.

நூறு வருடங்களாக இந்தப் பாடசாலை நம்மைப் படிப்பித்தது. படிப்பித்தவர்கள் தொடர்ந்து படிப்பதற்கு நாம் வழி செய்வோம்.