ஒளியைப் பிரித்தால் மண் தெரியும்

(குமாரபாளையத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஊர்ச் சாயப்பட்டறைகளில் நூலின் நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க வெயிலுக்கு எடுத்து வருவார்கள். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரு நூல்கள் வெயிலில் வேறாகத் தெரியலாம். நம் கண் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வகையாகத்தான் நிறத்தை உணர்கிறது. அதனால் சில வேறுபாடுகள் அதற்குப் பிடிபடுவதில்லை.

படமெடுக்கும் நிறமாலைமானி அப்படியல்ல. நிலத்தின் ஒவ்வொரு துண்டிலிருந்தும் எதிரொளிக்கும் சூரிய ஒளியை நூற்றுக்கணக்கான மெல்லிய பட்டைகளாகப் பிரித்து அளக்கும். 2018 நவம்பர் 29 அன்று இஸ்ரோ ஏவிய ‘ஹைசிஸ்’ செயற்கைக்கோளில் இக்கருவிதான் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அளப்பது.

சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்லையும் சேலத்து வெள்ளைக்கல்லான மேக்னசைட்டையும் பொடித்து வைத்தால் இரண்டும் வெளுப்பாகவே தெரியும். ஆனால் சுண்ணாம்புக்கல் 2,340 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை உட்கவர்கிறது. மேக்னசைட் 2,300 நானோமீட்டரை ஒட்டியதை உட்கவர்கிறது. இந்தச் சிறு வேறுபாடே அவற்றின் அடையாளம்.

ஆயினும் கருவி தருவது ஒரு வளைகோடு மட்டுமே. அது எந்தப் பாறை என்று சொல்ல, தரையில் நாம் அறிந்த பாறையின் வளைகோடு வேண்டும். 2008இல் சென்ற சந்திரயான்-1 இத்தகைய கருவியால் நிலவை ஆராய்ந்தது. நிலவின் மேட்டுநிலங்களில் மிகுந்துள்ள அனார்த்தோசைட் வகைப் பாறை நம் நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியில் இருக்கிறது. எனவே நிலவுப் பாறையோடு ஒப்பிட ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள். சந்திரயான்-2 சோதனைகளுக்கான மாதிரி நிலவு மண்ணும் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைப் பொடித்தே செய்யப்பட்டது.

செயற்கைக்கோள் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துவிடும் என்று நம் பிள்ளைகள் நம்புகிறார்கள். அந்த எண்ணத்தை மாற்ற ஒரு செயல்பாடு போதும். விளையாட்டுத் திடலில் 30 மீட்டருக்கு 30 மீட்டர் சதுரத்தைக் கயிறு கட்டிக் குறியுங்கள். ஹைசிஸ் படத்தில் அது ஒரே ஒரு புள்ளி. அதற்குள் இருக்கும் மரம், புல், மண், சிமெண்டுத் தரை அனைத்தையும் பிள்ளைகள் எழுதட்டும். இத்தனை பொருள்களின் ஒளியும் ஒரே கோடாகக் கலந்து வரும் என்பதும், தரையில் நடந்து சரிபார்ப்பது ஏன் தேவை என்பதும் அவர்களுக்கே விளங்கும்.

முப்பட்டகப் பாடத்தை ஏழு நிறங்களோடு முடித்துவிடாமல், சித்தம்பூண்டி வரைக்கும் கொண்டுசெல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.