முதலில் வக்து, பிறகு திசை



இந்தக் கருத்தரங்கில் கிப்லா எனும் தொழுகைத் திசை பற்றிய அமர்வுக்குத்தான் ஆவல் அதிகம் என்று அறிகிறேன். நான் வக்தில், அதாவது தொழுகை நேரத்தில் தொடங்குகிறேன். திசையில் மார்க்கம் நமக்குத் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறது. சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபில் அப்படிக் கொடுக்கவில்லை.

இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகைக்கு உரியது. நம் திருப்பதி 79.4 பாகையிலும் சித்தூர் 79.1 பாகையிலும் இருக்கின்றன. அதனால் சூரிய உச்சி கடிகாரத்துக்குச் சராசரியாக 12 முதல் 14 நிமிடம் பிந்துகிறது. ஆனால் அது ஆண்டு முழுவதும் ஒரே அளவாக நிற்பதில்லை. திருப்பதியில் பிப்ரவரி நடுவில் உச்சி 12.26 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 11.56க்கே வந்துவிடும். லுஹர் பாங்கை ஆண்டெல்லாம் ஒரே மணிக்குக் கட்டிவைப்பவர்கள் இந்த அரை மணி வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

சென்னையின் தொழுகை நேர அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளும் வழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. சென்னையில் சூரியன் மறைந்து ஏறக்குறைய நான்கரை நிமிடம் கழித்தே சித்தூரில் மறைகிறது. ரமலானில் சென்னை நேரம் பார்த்து இங்கே நோன்பு திறப்பவர், பகல் முடியும் முன்பே திறந்துவிடுகிறார். பதினான்கு மணி நேரம் பசித்திருந்தவரின் நோன்பு, கையிலிருக்கும் தாள் வேறு ஊருக்கானது என்பதால் கெடலாமா? இரவல்தான் வாங்க வேண்டுமென்றால் சித்தூருக்கு வேலூர் அட்டவணை எவ்வளவோ மேல். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் மஃரிபில் ஒரு நிமிடம்கூட வேறுபடாது. கண்ணால் பார்த்தே முடிவு செய்யலாமே என்பீர்கள். இங்கே மலைகள் உண்டு. மலைக்குப் பின்னால் சூரியன் ஒளிவது மறைவாகிவிடாது.

இனி கிப்லா. உருண்டையான பூமியில் மக்காவுக்குச் செல்லும் மிகக் குறுகிய வழியைக் கணக்கிட்டால், திருப்பதியிலிருந்து அது நேர் மேற்குக்கு 17 பாகை வடக்கே சாய்கிறது. சித்தூரிலிருந்து ஏறக்குறைய 18. இதே கணக்குக்காகத்தான் அல்பீரூனி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கஜ்னாவின் அட்ச, தீர்க்கரேகைகளை அளந்தார். நமக்கு ஒரு கோல் போதும். மே 28 அன்று பிற்பகல் 2.48க்குச் சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த நொடியில் நிழலின் முனையிலிருந்து கோலின் அடியை நோக்கினால் அதுவே கிப்லா. ஜூலை 16 அன்று 2.57க்கும் இது வாய்க்கும். ஆனால் மேகம் இடம் தர வேண்டும். மே மாதக் கத்திரி வெயிலே நம்பகமானது.

நேர் மேற்கு பார்த்துக் கட்டிய பழைய பள்ளிவாசல்களை என்ன செய்வது? தொலைவில் இருப்போருக்குக் கஃபா இருக்கும் திக்கை நோக்கினாலே போதும் என்பது ஹனஃபி அறிஞர்களின் நிலை. 45 பாகைக்குள் விலகினால் தொழுகைக்குக் குறையில்லை என்பார்கள். 17 பாகைக்காக ஒரு ஜமாஅத் இரண்டாகப் பிளப்பதை என்னால் ஏற்க முடியாது. புதிதாக எழுப்பும் பள்ளியில் மிஹ்ராபைச் சரியாக வையுங்கள். பழையதில் முன்னோர் நின்ற சஃபிலேயே நில்லுங்கள்.

கட்டுரை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஊரின் அட்ச, தீர்க்கரேகையை எடுத்தீர்கள், ஃபஜ்ருக்கு அடிவானத்தின் கீழ் எத்தனை பாகை வைத்தீர்கள், அஸருக்கு ஷாஃபி முறைப்படி ஒரு மடங்கு நிழலா, ஹனஃபி முறைப்படி இரு மடங்கா என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே அச்சிடுங்கள். சித்தூருக்கு ஒன்று, திருப்பதிக்கு ஒன்று என இரண்டு அட்டவணைகள் இந்தக் கருத்தரங்கு முடிவதற்குள் தயாராக வேண்டும். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.